காணிச் சட்டமூலம் வந்தால் யார் பேச்சைக் கேட்பது? மலையகத்துக்காரருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஒரு காணிச் சட்டமோ வீட்டுச் சட்டமோ வரப்போகிறது என்று கதை அடிபட்டதும் முதலில் வாய் திறப்பவர்கள் யாரென்று கவனித்திருப்பீர்கள். காணி துண்டு போட்டு விற்கிற கம்பெனிகள், கொழும்பில் தொடர்மாடி கட்டுகிறவர்களின் சங்கம், தோட்டக் கம்பெனிகளின் சங்கம், சட்டத்தரணிகள். பேப்பரில் அரைப் பக்க அறிக்கை வரும், டிவியில் ஒருவர் கோட் போட்டுக்கொண்டு வந்து "இந்தச் சட்டம் முதலீட்டைக் கெடுக்கும்" அல்லது "இந்தச் சட்டம் இல்லாவிட்டால் நாடு முன்னேறாது" என்பார். நம்ம பக்கத்தில் அப்போது சத்தமே இருக்காது. சட்டம் நிறைவேறி, கிராம சேவகர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டிய பிறகுதான் "இது எப்ப வந்தது?" என்று கேட்போம்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு நொத்தாரிசு கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிறவன். சட்டத்தரணி இல்லை, அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சங்கம் சட்டமூலத்தைப் பற்றி நிலைப்பாடு எடுத்தால் அதை எப்படிப் படிப்பது, பிறகு நம்ம நிலைப்பாட்டை எப்படி எழுதி எங்கே கொடுப்பது, இவ்வளவுதான் இங்கே விஷயம். அந்தச் சங்கங்கள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பேசுவது கையில் உறுதி உள்ள காணியைப் பற்றி. மலையகத்து ஆட்களில் நிறையப் பேர் நிற்பது அந்த வட்டத்துக்கு வெளியே. இதை மறந்துவிட்டு அறிக்கையைப் படித்தால் தலையாட்டிக்கொண்டே போய் நம்ம தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வோம்.

முதலில் உங்கள் காலடியில் இருப்பது என்ன காணி?

சட்டமூலத்தைத் தேடி ஓடுவதற்கு முன்னால் அலுமாரியைத் திறந்து உங்களிடம் இருக்கும் காகிதத்தை எடுங்கள். அது என்ன வகை என்று தெரியாமல் எந்தச் சட்டத்துக்கும் ஆதரவோ எதிர்ப்போ சொல்ல முடியாது.

சின்னக்கர உறுதி, அதாவது தனியார் காணிக்கு முழு உரிமையோடு எழுதியது, ஊரில் சொல்வதென்றால் ஒப்பு, கையில் இருந்தால் நீங்கள் சங்கங்கள் பேசுகிற வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறுவது எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். 1927 இன் ஆவணப் பதிவுச் சட்டப்படி, ஒரே காணிக்கு இரண்டு உறுதி இருந்தால், மோசடி எதுவும் இல்லாத பட்சத்தில், முதலில் பதிந்தவர் முந்துவார். அதனால் உறுதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்காமல், காணிப் பதிவு கந்தோரில் எக்ஸ்ட்ராக்ட், அதாவது பதிவேட்டின் பிரதி, எடுத்துப் பாருங்கள். காணி உரித்தைப் பதிகிற பிம் சவிய என்ற அரசாங்கத் திட்டத்தில் 1998 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உரித்துச் சான்றிதழ் கிடைத்தவர்கள் வேறொரு முறைக்குள் வருகிறார்கள், உறுதிக்குச் சொல்கிற எல்லாமே அவர்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது.

அனுமதிப் பத்திரம், ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்று இருந்தால் அது 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அரச காணி. அதை நினைத்தபடி விற்க முடியாது, பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும், பிரிக்கவும் கட்டுப்பாடு உண்டு. பண்டாரவளை, வெலிமடை பக்கம் மரக்கறி செய்கிற பல குடும்பங்கள் இப்படியான காணியில்தான் இருக்கின்றன.

தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிற காணியை வாங்கியிருக்கிறீர்களா? 1958 இல் வந்த துண்டாடல் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தோட்டத்தைத் துண்டாக்கி விற்க அனுமதி வாங்க வேண்டும். "பிளான் இருக்கு, ரோட் இருக்கு, கரண்ட் வரும்" என்று புரோக்கர் சொல்லும்போது அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கடைசியாக, நம்மில் நிறையப் பேர் இருப்பது. 1972 இன் காணி மறுசீரமைப்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது, 1975 இல் கம்பெனித் தோட்டங்களும் அரசின் கைக்குப் போயின. பிறகு அவை ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்று இரண்டு நிறுவனங்களின் கீழ் இருந்து, 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போனது. மண் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது, லயனில் இருப்பது நாம். இதில் நமக்கென்று எழுதிய காகிதம் எங்கே? லயனுக்கு இல்லை. லயனை இழுத்துக் கட்டிய குசினிக்கும் இல்லை. 7 பேர்ச் காணியில் இந்திய உதவியில் கட்டிய வீட்டுக்குக்கூட, சாவி வந்து வருடக்கணக்காகியும் உறுதி வராத குடும்பங்கள் இருக்கின்றன.

உங்கள் காணி இதில் எந்த வகை என்று ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் போகும்.

சங்கத்தின் அறிக்கையைப் படிக்கும் விதம்

வியாபாரச் சங்கம் என்றால் அதன் அங்கத்தவர்களின் வருமானத்தைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, நம்ம தொழிற்சங்கமும் அதைத்தான் செய்கிறது. ஆனால் அறிக்கையில் அப்படி எழுதமாட்டார்கள். "வீடு வாங்கும் சாதாரண மக்கள்" என்று எழுதுவார்கள். அந்த வரியைக் கண்டதும் நிறுத்தி, இந்தச் சட்டம் வந்தால் இவர்களுக்கு என்ன கூடும், என்ன குறையும், எனக்கு என்ன கூடும், என்ன குறையும் என்று பாருங்கள். சில இடத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கும், சில இடத்தில் நேர் எதிராக இருக்கும்.

அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இதற்கு நல்ல உதாரணம். 1908 இல் தொடங்கிய அந்த நாட்டுக் காணி, வீட்டு முகவர்களின் தேசிய சங்கம், ரியல்டர்ஸ் என்று சொல்கிறார்களே அவர்கள்தான், உலகத்திலேயே செல்வாக்கான வியாபாரச் சங்கங்களில் ஒன்று. வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை வேண்டும் என்று பல காலமாகப் போராடுகிறது, அது வீடு வாங்குகிறவருக்கும் பிடித்த விஷயம். அதே சங்கம் 1968 இல் நிறம், இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தபோது அதை எதிர்த்தது. அப்போதும் "சொத்து வைத்திருப்பவரின் உரிமை" என்றுதான் பேசினார்கள். 2020 இல் சங்கத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2024 மார்ச்சில் தரகுப் பணம் சம்பந்தமான வழக்குகளை முடிக்க 418 மில்லியன் டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு சங்கம் ஒரு விஷயத்தில் நம்ம பக்கம் நின்றது என்பதற்காக அடுத்த விஷயத்திலும் நிற்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு சட்டமூலத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

நம்ம நாட்டில் அடிக்கடி கேட்கிற சில நிலைப்பாடுகளை எடுத்துக்கொள்வோம்.

வரியைக் குறையுங்கள் என்பது நிரந்தரப் பாட்டு. இதில் நியாயம் இருக்கிறது. காணி உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 30 இலட்சம் ரூபாய்க்கு ஒரு துண்டுக் காணி வாங்கினால் 3,000 ரூபாயும் 1,16,000 ரூபாயுமாக 1,19,000 ரூபாய் முத்திரைக்கே போகிறது, நொத்தாரிசு கட்டணம் தனி. மகளுக்கு ஒரு துண்டு வாங்க மத்திய கிழக்கில் இருந்து காசு அனுப்பிய தாய்க்கு இது சின்னக் காசில்லை. ஆனால் முத்திரை வரி மாகாணத்துக்குப் போகிற பணம் என்பதையும் பார்க்க வேண்டும், அதைக் குறைத்தால் வேறு எதைப் பிடித்து நிரப்புவார்கள் என்று கேட்க வேண்டும். தொடர்மாடிக்கான வற் வரியைக் குறையுங்கள் என்பது வேறு கதை, அது கொழும்புக் கதை, 2024 ஜனவரியில் வற் 18 வீதமானதில் இருந்து அவர்களுக்கு நல்லாகவே சுடுகிறது. நம்ம சங்கம் அதற்குக் கையெழுத்து வைக்க ஓடத் தேவையில்லை.

வெளிநாட்டவருக்குக் காணி விற்க அனுமதியுங்கள் என்பது இன்னொன்று. 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது, தொடர்மாடியில் வீடு வாங்குவது போன்ற சில விலக்குகள் உண்டு, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடை இல்லை. இதைத் தளர்த்தினால் முதலீடு வரும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் எல்ல, நுவரெலியா பக்கம் கெஸ்ட் ஹவுஸ் போடுகிற ஆட்கள் வர வர அங்கே பேர்ச் விலை எங்கே போகிறது என்று பார்த்தவர்களுக்கு, வெளிநாட்டுக் காசோடு போட்டி போட்டுக் காணி வாங்க நம்ம பிள்ளைகளால் முடியுமா என்பது தெரியும்.

வாடகைச் சட்டத்தை மாற்றுங்கள் என்பார்கள். 1972 இன் வாடகைச் சட்டம் குடியிருப்பவரை வெளியேற்றுவதைக் கடினமாக்கியது, அதனால் வீட்டை வாடகைக்கு விடப் பயந்து பூட்டி வைத்தவர்களும் உண்டு. இதில் நீங்கள் வீட்டுக்காரரா, ஹட்டன் டவுனில் கடை வாடகைக்கு எடுத்தவரா என்பதைப் பொறுத்துத்தான் நிலைப்பாடு. லயனில் இருக்கிறவருக்கு இது பெரும்பாலும் தொடாத சட்டம், ஏனென்றால் அவர் வாடகைக்காரராகவும் இல்லை, சொந்தக்காரராகவும் இல்லை.

தோட்டக் கம்பெனிகள் தரப்பில் குத்தகைக் காலத்தைப் பற்றிப் பேசுவார்கள், நீண்ட காலம் கையில் இருந்தால்தான் மறுநடுகைக்குப் பணம் போடலாம் என்பார்கள். தேயிலை நட்ட உடனே பலன் தருகிற பயிர் இல்லை, பல வருடக் கணக்கு, அதனால் அந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: குத்தகையை நீட்டும் பத்திரத்தில் வீட்டுக்கான காணியைப் பிரித்து விட்டுத்தான் நீட்டுகிறார்களா? பிரிக்காமல் நீட்டினால் இன்னொரு தலைமுறை லயனில்தான்.

அனுமதியை இலகுவாக்குங்கள், ஒரே கந்தோரில் முடியட்டும் என்பதும் நல்லதாகத்தான் காதில் விழும். பிரதேச சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் எந்த அனுமதியை இலகுவாக்குகிறார்கள் என்று பாருங்கள். மலையகத்தில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின், அதுதான் என்.பி.ஆர்.ஓ. என்கிறோமே அதன், மண்சரிவு அறிக்கை வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிற மாவட்டங்கள். அதைத் தளர்த்தச் சொல்லும் எந்த அறிக்கைக்கும் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், எழும்பிப் போக வேறு காணிதான் இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலை முழுக்க என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அறிக்கை எடுப்பதை வேகமாக்கு, கட்டணத்தைக் குறை, ஆபத்து என்று சொன்னால் மாற்றுக் காணி கொடு, இப்படிக் கேட்பதுதான் நமக்குச் சரி.

சட்டமூலத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

அறிக்கையைப் படித்தது போதும், மூலத்தை எடுங்கள். சட்டமூலம் வர்த்தமானியில் மூன்று மொழியிலும் வரும், அரசாங்க அச்சகத்தின் இணையதளத்திலும் பாராளுமன்ற இணையதளத்திலும் தமிழ்ப் பிரதி இறக்கிக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். அந்தத் தமிழ் அப்படி. அதனால் கடைசியில் இருந்து தொடங்குங்கள்.

கடைசியில் ஒரு வரி இருக்கும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை, அதாவது முரண்பாடு, வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று. இதைச் சும்மா சம்பிரதாயம் என்று தாண்டிப் போகாதீர்கள். தமிழ்ப் பிரதியில் ஒரு சொல் நமக்குச் சாதகமாகத் தெரிந்தால், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரை, பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் என்றாலும் பரவாயில்லை, அந்த வாசகத்தைச் சிங்களத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் அதுதான் நிற்கும்.

அதற்கு மேலே பொருள்கோடல் பகுதி. "காணி", "வீடு", "சொந்தக்காரர்", "குடியிருப்பவர்" என்பதற்கெல்லாம் இந்தச் சட்டத்தில் என்ன அர்த்தம் என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். அதில் லயன் வருகிறதா, தோட்ட வீடு வருகிறதா என்று தேடுங்கள். வரவில்லை என்றால், உள்ளே எவ்வளவு நல்ல விஷயம் எழுதியிருந்தாலும் அது நமக்கில்லை.

பிறகு அட்டவணைகள். யாரும் பார்க்காத இடம் இது. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுகிறவர், யாரென்று பெயர் குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால் காணி யாருக்குப் போகும் என்ற வரிசை மூன்றாம் அட்டவணையில்தான் இருந்தது, அதில் மகன்கள் முதலில், மகள்கள் பிறகு. தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மூத்த மகள் இருக்க, ஊரை விட்டுப் போன தம்பிக்குக் காணி போன குடும்பங்கள் எத்தனையோ. 2022 இல்தான் திருத்தம் வந்தது. இத்தனை வருடம் அந்த அநியாயம் ஓர் அட்டவணைக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

நடுப்பகுதியில், யாருக்கு அதிகாரம் கொடுக்கிறார்கள், அந்த ஆள் எடுக்கிற முடிவுக்கு எதிராக எங்கே மேன்முறையீடு செய்யலாம் என்ற இரண்டையும் தேடுங்கள். ஒரு பழைய சட்டத்தை வைத்து இதைக் காட்டுகிறேன். 1979 இன் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டம். தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் "இது அரச காணி, நீங்கள் அனுமதி இல்லாமல் இருக்கிறீர்கள்" என்று அபிப்பிராயப்பட்டால் வெளியேறும்படி அறிவித்தல் அனுப்பலாம். போகாவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே போய் நீங்கள் என்ன சொல்லலாம்? "என் பாட்டன் காலத்தில் இருந்து இருக்கிறோம்" என்றோ, "இந்த மரத்தை நான்தான் நட்டேன்" என்றோ சொல்லித் தப்ப முடியாது. அரசு கொடுத்த செல்லுபடியான அனுமதிப் பத்திரமோ வேறு எழுத்து மூல அதிகாரமோ இருக்கிறது என்று காட்டினால் மட்டும்தான் நிற்கலாம். 10 வருடம் இருந்தால் காணி சொந்தம் என்று தேநீர்க் கடையில் சொல்கிறார்களே, அது 1871 இன் ஆட்சியுரிமைச் சட்டத்தில் தனியார் காணிக்கு, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அரச காணிக்கு அந்தக் கதை எடுபடாது.

இதைப் படித்த பிறகு உங்கள் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பழைய காகிதத்தையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். வீட்டுக் கடன் எடுத்தபோது தந்த கடிதம், காணி ஒதுக்கிய கடிதம், வீடு கையளித்த விழாவில் கொடுத்த பத்திரம், பிரதேச சபைக்கு வரி கட்டிய ரசீது. எல்லாம் ஒரே எடை இல்லை, சிலது நீதிமன்றத்தில் நிற்கவே நிற்காது, ஆனாலும் ஒன்றையும் எறிய வேண்டாம்.

நம்ம நிலைப்பாட்டை எழுதுவது

இனி எழுத்து வேலை. பெரிய சங்கங்கள் ஏன் ஜெயிக்கின்றன தெரியுமா? காசு ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு காரணம், அவர்கள் "இந்தச் சட்டம் அநியாயம்" என்று நிறுத்தமாட்டார்கள், இந்த வாசகத்தில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். அமைச்சில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது வேலையைக் குறைக்கிறது. நாமோ ஊர்வலம் போய், மகஜர் கொடுத்து, அந்த மகஜரில் 1948 இல் பிரஜாவுரிமை பறித்ததில் இருந்து கதையை ஆரம்பிக்கிறோம். அந்தக் கதை உண்மை, சொல்ல வேண்டிய மேடை வேறு.

ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். மேலே யார் எழுதுகிறோம், எத்தனை குடும்பம், என்ன வகைக் காணியில் இருக்கிறோம். பிறகு வாசக இலக்கம், அதாவது சட்டமூலத்தின் எந்தப் பிரிவு என்ற இலக்கம். அது அப்படியே சட்டமானால் எங்கள் தோட்டத்தில் நடப்பது என்ன என்று பெயர் போடாமல் ஒரு குடும்பத்தின் உதாரணம். பிறகு மாற்றுச் சொற்கள். இப்படி:

"இச்சட்டமூலத்தின் இந்த வாசகத்தில் 'எழுத்து மூலமான அதிகாரம்' என்று வரும் இடத்தில், தோட்ட நிர்வாகம் அல்லது பெருந்தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அரச நிறுவனம் ஒன்று குடியிருப்புக்காக வழங்கிய எந்த எழுத்து ஆவணமும் அதில் அடங்கும் என்று சேர்க்குமாறு கேட்கிறோம். உரித்துப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும் என்றும் சேர்க்க வேண்டும்."

இருவர் பெயர் என்ற வரியைப் பேரம் பேசுகிற இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கொழுந்து பறித்துக் கடனைக் கட்டியது யார் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

யாருக்கு அனுப்புவது? அமைச்சின் செயலாளருக்கு ஒன்று, மாவட்டத்து பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு, ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல், ஒவ்வொன்று, அந்தத் துறையைக் கவனிக்கும் பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவுக்கு ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பிரதியோடு குத்தி வையுங்கள். தோட்ட வீடமைப்பு விஷயம் என்றால் 2018 இன் 32 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைத்த புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதி போகட்டும். அதே 2018 இல் பிரதேச சபைச் சட்டத்தையும் திருத்தி, தோட்டங்களுக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்றாக்கினார்கள், ஆகவே உங்கள் பிரதேச சபை உறுப்பினரும் "தோட்டம் எனக்கு வராது" என்று சாக்குச் சொல்ல முடியாது, அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

இதற்கிடையில் தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டப்படி அமைச்சின் தகவல் அதிகாரியிடம், இந்தச் சட்டமூலம் பற்றி எந்தெந்தச் சங்கங்கள், கம்பெனிகள் எழுத்தில் யோசனை கொடுத்தன, அவற்றின் பிரதிகள் வேண்டும் என்று தமிழிலேயே கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிலதை மறுப்பார்கள், அதற்கு மேன்முறையீடு இருக்கிறது. கிடைத்தால், பேப்பரில் சொன்னதும் அமைச்சுக்கு எழுதியதும் ஒன்றா என்று வைத்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

நேரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். இந்தியச் செய்தி பார்த்துப் பழகியதால் நம்மில் பலர், சட்டம் வந்த பிறகும் நீதிமன்றம் போய் ரத்துச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இலங்கையில் அது நடக்காது. சட்டமூலம் நிறைவேறி, அது சட்டமாகிவிட்டது என்று சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அன்றைய அலுவல் பட்டியலில், ஏறிய பிறகு வரும் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், எந்தப் பிரஜையும் போடலாம். அந்த நாட்கள் மிகக் கொஞ்சம், அதனால் வர்த்தமானியில் வந்ததுமே ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கடைசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காணி என்பது அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தப்படி மாகாண சபைப் பட்டியலிலும் வருகிற விஷயம், அப்படியான சட்டமூலத்தை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. மத்திய மாகாண சபை 2018 இலும் ஊவா மாகாண சபை 2019 இலும் கலைந்து, இவ்வளவு காலமாகத் தேர்தல் இல்லாமல் இருக்கும்போது யாருடைய கருத்தைக் கேட்பார்கள் என்பது அந்தச் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

கடைசியாக ஒரு விஷயம், கையெழுத்து. தலைவர், செயலாளர் இரண்டு பேரின் கையெழுத்தோடு போகிற கடிதத்தை விட, குடும்பத் தலைவர் பெயர், லயன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் போட்ட பட்டியல் பின்னால் இணைத்த கடிதத்துக்கு மரியாதை அதிகம். அந்தப் பட்டியலை இன்டர்நெட்டில் போடாதீர்கள், கடிதத்தோடு மட்டும் போகட்டும். மூலப் பிரதியைச் சங்கத் தலைவர் வீட்டில் வைக்காமல் கோயில் கமிட்டி அலுமாரியிலோ பாடசாலையிலோ வையுங்கள், அடுத்த தேர்தலுக்குப் பிறகு தலைவர் எந்தக் கட்சியில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்.